முப்பது விநாடிக்குப் பிறகு

அன்புள்ள கவுண்ட்டவுன் ரசிகர்களுக்கு,

நிகழ்ச்சியை நடத்துகிறவர்களுக்கு நன்றிக் கடிதங்கள் நிறையப் போயிருக்கும். 1982 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டனில் சேனல் ஃபோர் பிறந்த அன்று முதல் நிகழ்ச்சியாக ஒளிபரப்பாகி, நாற்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு மாலை மரியாதையில் குறை இருக்காது. இந்த மடல் அவர்களுக்கு அல்ல. நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் இருக்கையை விட்டு எழாமல், “அந்த இரண்டாவது எண் சுற்றுக்கு வேறொரு வழி இருக்கிறது” என்று ஆரம்பிப்பீர்களே, அந்த உங்களுக்கு.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் என் எழுத்துப் பிழைகளை எண்ண உட்கார்ந்துவிடுவீர்கள். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

நிகழ்ச்சியைப் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்காக ஒரு பத்தி. நீங்கள் தாண்டிப் போகலாம். இரண்டு போட்டியாளர்கள். எழுத்துச் சுற்றில் உயிரெழுத்தா மெய்யெழுத்தா என்று கேட்டுக் கேட்டு ஒன்பது ஆங்கில எழுத்துகளை எடுப்பார்கள். முப்பது விநாடிக்குள் அவற்றிலிருந்து மிக நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எண் சுற்றில் ஆறு எண்கள். 25, 50, 75, 100 என்ற நான்கும் பெரியவை. ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொன்றும் இரண்டு முறை இருக்கும் இருபதும் சின்னவை. செசில் என்று செல்லப்பெயர் வைத்த இயந்திரம் மூன்று இலக்க எண் ஒன்றைக் காட்டும். கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் அதை எட்ட வேண்டும். ஓர் எண்ணை ஒரு முறைக்கு மேல் தொடக்கூடாது, இடையில் பின்னம் வரக்கூடாது. சரியாக எட்டினால் பத்துப் புள்ளி. இன்றைய வடிவில் எழுத்து பத்துச் சுற்று, எண் நான்கு, கடைசியில் ஒன்பதெழுத்துச் சொல்லைக் குலைத்துப் போட்ட ஒரு சொற்புதிர். ஆலன் ஹாக்‌ஷா அமைத்த அந்தக் கடிகார இசை பிரிட்டனில் அநேகமாக எல்லாருக்கும் மனப்பாடம். வென்றவருக்குப் பரிசு ஒரு தேநீர்க் குடுவை. தேநீர்க் குடுவைதான், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இது பிரிட்டனின் சொந்தச் சரக்கும் அல்ல. பிரான்ஸில் அர்மான் ஜம்மோ 1965-இல் சொல் விளையாட்டாகத் தொடங்கி, 1972-இல் எண்களையும் சேர்த்து வளர்த்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டு ஓடி 2024-இல் அங்கே அது நின்றுவிட்டது. இங்கே நிற்கவில்லை. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இரவுப் பணி. பிற்பகலில் கண்விழிக்கிறவனுக்குத் தொலைக்காட்சியில் அகப்படுவது கவுண்ட்டவுன்தான். ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், வேலை தேடுகிறவர்கள், என்னைப்போல் இரவில் உழைக்கிறவர்கள்: பிற்பகல் நிகழ்ச்சிக்கு வாய்ப்பது அந்தக் கூட்டம்தான். என் பணியிட ஓய்வறையில் உங்கள் ஆட்கள் சிலர் இருந்தார்கள். அன்றைய எண்களை உறையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் விடையைச் சொன்னதும் இன்னொருவர் கேட்கும் கேள்வி “சரியா?” என்பதல்ல, “எப்படிப் போனாய்?” என்பது. நான் படித்த வகுப்பறைகளில் விடை சரியாக இருந்தால் சரிக்குறி விழும், கதை முடிந்தது. வழியைக் கேட்கிற மனிதர்களை அந்த ஓய்வறையில்தான் முதலில் பார்த்தேன்.

உங்கள் வித்தை எப்படிப்பட்டது என்று தமிழ் வாசகருக்குக் காட்ட நானே கட்டிய ஒரு கணக்கு. எண்கள் 75, 50, 100, 8, 4, 3. இலக்கு 608. எட்டு எழுபத்தைந்து அறுநூறு. இது எவருக்கும் சட்டென்று தோன்றும். இன்னும் ஓர் எட்டு வேண்டும், ஆனால் இருந்த எட்டைச் செலவழித்தாயிற்று. நூறை ஐம்பதால் வகுத்து நான்கால் பெருக்கினால் எட்டு வரும். அதுவும் சரியான விடைதான். நீங்கள் அப்படிப் போகமாட்டீர்கள். நான்கில் மூன்று போக வரும் ஒன்றை, பெருக்குவதற்கு முன்பே 75-இல் சேர்த்துவிடுவீர்கள். 76-ஐ எட்டால் பெருக்கினால் 608. பெருக்கலுக்குப் பின் எட்டாகத் தேட வேண்டியது, பெருக்கலுக்கு முன் வெறும் ஒன்றாக இருந்தது. இந்தத் தந்திரத்தை எந்தப் பள்ளி ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. உங்கள் கூட்டத்தில் பதின்மூன்று வயதுப் பையனுக்குக்கூட இது தெரிந்திருக்கிறது.

1997-இன் புகழ்பெற்ற ஆட்டத்துக்கு வருகிறேன். அதைப் பேசாமல் உங்களுக்கு மடல் எழுதினால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். போட்டியாளர் ஜேம்ஸ் மார்ட்டின் பெரிய எண் நான்கையும் கேட்டு வாங்கியிருந்தார்: 25, 50, 75, 100. கூடவே 3, 6. இலக்கு 952. ரிச்சர்ட் வைட்லி நடத்திக்கொண்டிருந்த காலம் அது; பலகையில் கணக்கை எழுதிக்காட்டியவர் கேரல் வோர்டர்மன். மார்ட்டின் சொன்ன வழி: நூறும் ஆறும் 106, மூன்றால் பெருக்க 318, அதை 75-ஆல் பெருக்க 23,850, ஐம்பதைக் கழிக்க 23,800, இருபத்தைந்தால் வகுக்க 952. அரங்கமே வாயடைத்துப் போய்ப் பிறகு சிரித்தது. இன்றும் அந்தத் துண்டுக் காட்சியைப் பார்க்கிறவர்கள் 23,850 என்ற எண்ணைக் கேட்டதும் அவரை மனிதக் கணினி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் நகரவில்லை. இருபத்தைந்தை அலகாக வைத்துப் பார் என்றீர்கள். 75 என்பது மூன்று இருபத்தைந்து. 50 இரண்டு இருபத்தைந்து. ஆக 318-ஐ மூன்றால் பெருக்கு, 954. இரண்டைக் கழி, 952. அவ்வளவுதான் கணக்கு. இருபத்தைந்து ஒன்றுதான் இருக்கிறது, அதைக்கொண்டு இரண்டு இடத்தில் வகுக்க முடியாது. அதனால் இரண்டையும் பெரிதாகவே வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே வீச்சில் வகுத்துவிடுகிறது இந்த வழி. 23,850 என்ற பூதம் விதிக்காக வந்து போகிற வேடம்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர் அவர். கால், அரை, முக்கால் எல்லாவற்றுக்கும் வாய்ப்பாடு ஒப்பிப்பார். நூறு ரூபாயை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உங்கள் நான்கு பெரிய எண்களும் கால், அரை, முக்கால், ஒன்று. எட்டு முக்கால் ஆறு என்று அவர் இழுத்துச் சொல்வாரே, அதுதான் எட்டு எழுபத்தைந்து அறுநூறு. சின்ன வயதில் அந்த வாய்ப்பாட்டை, கடைக்காரர்களுக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும் உரியது என்று நான் தள்ளிவைத்திருந்தேன். லீட்ஸ் நகரின் படப்பிடிப்பு அரங்கில் ஒருவர் செய்த கணக்கை நீங்கள் பிரித்துக் காட்டியதால் அது என்னிடம் திரும்பி வந்தது. பின்னம் வரக்கூடாது என்பது நிகழ்ச்சியின் விதி; மனதுக்குள் பின்னமாக நினைப்பதை எந்த விதியும் தடுக்காது.

952-க்கு இன்னொரு வழியும் உண்டு. நூறும் மூன்றும் 103. ஆறை 75-ஆல் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் ஒன்பது. ஒன்பது 103 என்பது 927. மீதியிருக்கும் 25-ஐக் கூட்டினால் 952. ஆறின் ஒன்றரை மடங்கு ஒன்பது என்று கண்டுகொண்டால் போதும், நாலாம் வகுப்புப் பிள்ளை முடித்துவிடும். மார்ட்டினின் வழிக்குக் கைதட்டல் அதிகம். எனக்கு இரண்டாவது வழிதான் அழகு. இதில் உங்களுக்குள் இரண்டு கட்சி. எந்தக் கட்சியும் இன்னும் தோற்கவில்லை.

பெரியதும் சின்னதுமாக இருக்கும் இருபத்து நான்கு எண் வில்லைகளிலிருந்து ஆறை எடுத்தால் வேறுவேறான தொகுதிகள் 13,243 தான். இலக்கு மூன்று இலக்க எண், ஏறத்தாழ 900 வகை. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியே 19 லட்சத்துச் சொச்சம். இத்தனையையும் கணினி அசராமல் தீர்த்துப் பட்டியல் போட்டுவிடும். எது முடியும், எது முடியவே முடியாது என்பதுகூட அதற்குத் தெரியும். அப்படியிருக்க, எதற்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். கணினி தரும் வழி பெரும்பாலும் கரடுமுரடானது. மனிதர் எவரும் கனவிலும் போகாத பாதை. முப்பது விநாடியில் ஒரு மனிதத் தலை எந்த வழியைக் கண்டிருக்க முடியும், எந்த இடத்தில் கண் வழுக்கியது, 953 கிடைத்த பிறகு அதை விட்டுவிட மனம் வராமல் போனதேன்: இதெல்லாம் பட்டியலில் இருக்காது. இதைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். வோர்டர்மனுக்குப் பின் பலகையருகே வந்த ரேச்சல் ரைலி சில சமயம் விடையை இடைவேளைக்குப் பிறகு கொண்டுவந்து தரும்போது, அதற்குள் இரண்டு வழி கண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிற உங்களை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எழுத்துச் சுற்று எனக்கு வேறு விதம். தமிழ்வழியில் படித்தவன் நான். ஒன்பது எழுத்தைப் பார்த்ததும் நாலெழுத்துச் சொல் ஒன்று வரும். ஆறெழுத்து வந்தால் அன்று திருவிழா. இது பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்களின் களம், நமக்கு எண்தான் என்று ஒதுங்கியிருந்தேன். அந்த ஒதுக்கத்தை உடைத்ததும் நீங்கள்தான். ஐ, என், ஜி மூன்றும் வந்தால் வலப்பக்கம் தனியே தள்ளிவை. ஈ, டி வந்தால் அவற்றையும். எஸ் ஒன்று கிடைத்தால் பன்மையைப் பார். மீதியில் மட்டும் சொல்லைத் தேடு. இப்படி ஒட்டுகளைக் கழற்றி வைத்துப் பார்ப்பது, நன்னூல் படித்து வளர்ந்தவனுக்குப் பகுதியும் விகுதியும் பிரிப்பதுதான். பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது ஊரே வியந்தது. உங்களில் பலர் வியக்கவில்லை; எழுத்துகளுக்குள் சொல்லைக் காண அந்த மொழியைப் பேசத் தெரிய வேண்டியதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆர்கெஸ்ட்ராவின் ஒன்பது எழுத்தைக் கலைத்தால் வண்டிக் குதிரைக்கான கார்ட்ஹார்ஸ் என்ற சொல் வருவதை ஒரே பார்வையில் பார்க்கிறவர்கள் நீங்கள்.

உங்களிடம் எரிச்சல் தருவதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கைக்கு அடங்காத பொருளின் பெயருக்குப் பன்மை உண்டா இல்லையா என்று நீங்கள் போடும் சண்டை இருக்கிறதே, நீதிமன்றத்தில்கூட அவ்வளவு நீளாது. 1992-லிருந்து அகராதி மூலையில் அமர்ந்திருக்கும் சூசி டென்ட் தீர்ப்புச் சொன்ன பிறகும் மேல்முறையீடு செய்வீர்கள். புதிய தொகுப்பாளர் எவர் வந்தாலும் ஒரு வருடத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். வைட்லி 2005-இல் இறந்த பிறகு எத்தனை பேர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் வைட்லியோடு ஒப்பிட்டே தீர்த்தீர்கள். அவருடைய மோசமான சிலேடைகளை அவர் இருந்தபோது நீங்களே திட்டியதை நான் மறக்கவில்லை.

ஆனால் யாரும் சம்பளம் தராமல் ஆட்டத்துக்கு ஆட்டம், சுற்றுக்குச் சுற்று, எந்த எழுத்து வந்தது, யார் என்ன சொன்னார், எதைத் தவறவிட்டார் என்று எழுதிவைக்கிறவர்கள் உங்களில் உண்டு. போட்டியாளர்கள் இருவரும் அகராதி மூலையும் சேர்ந்து கோட்டைவிட்ட ஒன்பதெழுத்துச் சொல்லை அந்தக் குறிப்பில் ஒருவர் அமைதியாகச் சேர்த்திருப்பார். லிங்கன் முதலான ஊர்களில் சனிக்கிழமைகளில் கூடி, நாள் முழுக்க இதே விளையாட்டை விளையாடுகிறீர்கள். 2006-இல் பதினான்கே வயதில் தொடர் வாகையர் பட்டம் வென்ற கோனர் டிராவர்ஸ் போன்றவர்களோடு தாத்தாக்களும் சரிக்குச் சமமாக மோதுவதை வேறு எங்கே பார்க்க முடியும்? தோற்றவர் வென்றவரிடம் போய் “எப்படிப் போனாய்?” என்று கேட்கிறார். வென்றவரும் எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த ஆட்டத்தில் அதே தந்திரத்தால் தான் தோற்கலாம் என்று தெரிந்தே சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தத் தாராளத்துக்குத்தான் முதன்மையாக என் நன்றி. இப்போது என் மகளுக்கு வீட்டுக் கணக்குச் சொல்லித்தரும்போது விடையை மூடிவைத்துவிட்டு, எப்படிப் போனாய் என்றுதான் கேட்கிறேன். அவள் அலுத்துக்கொள்கிறாள். ஆனாலும் போன வழியைச் சொல்கிறாள். சில நாள் அது நான் போன வழியைவிடக் குட்டையாக இருக்கிறது.

வெறுங்கையோடு நன்றி சொன்னால் நீங்கள் மதிக்கமாட்டீர்கள் என்பதால் ஒரு கணக்கு வைக்கிறேன். 75, 25, 9, 8, 4, 2. இலக்கு 684. ஒரு வழியில் 25 தேவைப்படாது. இன்னொரு வழியில் 4 தேவைப்படாது. மூன்றாவது ஒன்று இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
நேரத்துக்குள் முடித்துப் பழகாத ஒரு பிற்பகல் பார்வையாளன்