கடைசிப் படியிலிருந்து போடும் கணக்கு

அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் நேராகப் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்பதில்லை. கையில் காசு குறைவானவர்கள், குடும்பம் குழந்தை என்று ஆன பிறகு படிக்க வருகிறவர்கள், வேறு தேசத்துப் பட்டத்துடன் வந்து இறங்கியவர்கள் ஆகியோரில் பலர் முதலில் தட்டுவது கம்யூனிட்டி காலேஜின் கதவைத்தான். இரண்டாண்டுக் கல்லூரி இது. நுழைவுத் தேர்வு கிடையாது. பாட்டியும் சேரலாம், பேத்தியும் சேரலாம். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஏற்பாடு. கலிபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள். இங்கே முதல் பாதியைப் படித்துவிட்டு, மீதிப் பாதிக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

கட்டணம் 'யூனிட்' கணக்கில். ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஏறக்குறைய ஒரு யூனிட். கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012-லிருந்து இந்தத் தொகை ஏறவில்லை. மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலர் என்பது அந்த ஊர் விலைவாசியில் ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ, இதை இளப்பமாகப் பார்க்கும் வழக்கம் அங்குள்ள நம்மவர்களிடம்கூட உண்டு. சேருவது சுலபம், சரி. எதை எப்போது படிப்பது என்பதில்தான் வில்லங்கம்.

திருச்சியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த ஒரு பெண்மணி 2009-இல், 25 வயதில், கணவரோடு சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் போனார். எச்-4 விசா. படிக்கலாம், வேலைக்குப் போகக்கூடாது. 2015-இல் அந்த விசாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தபோது கையில் குழந்தை. 2022-இல் கிரீன் கார்டு வந்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். ஆசிரியராகிவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த மைதானத்தில்தான் பிறந்தது.

பட்டம்தான் இருக்கிறதே என்று நினைத்தவருக்கு முதல் அடி மதிப்பீட்டில் விழுந்தது. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் நிறுவனங்களில் பல, நம்முடைய மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று மட்டுமே ஒப்புக்கொள்ளும்; நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடு என்று எழுதித் தராது. ஆசிரியர் சான்றிதழுக்கோ நான்காண்டுப் பட்டம் அவசியம். அது போக, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வரலாறு, அந்நாட்டு அரசியல் சட்டம், மேடைப் பேச்சு, உயிரியல், நிலவியல், குழந்தை வளர்ச்சி, சிறுவர் இலக்கியம் என்று நீளும் பட்டியலில் எதுவுமே திருச்சி மதிப்பெண் பட்டியலில் இல்லை.

திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்காவுக்கு இது விளங்கவே இல்லை. "நான் பி.எட். சேர்ந்தப்போ பாரத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுத்தேன், பணம் கட்டினேன். மத்ததையெல்லாம் காலேஜே பார்த்துக்கிட்டுது. நீயே பாடத்தைப் பொறுக்கி எடுக்கணும்னா எப்படிடி?" என்று போனில் கேட்டார். "அதாங்க்கா எனக்கும் பயமா இருக்கு" என்றார் தங்கை.

பயம் நியாயம்தான். நம் ஊரில் பாடத்திட்டம் ரயில் தண்டவாளம் மாதிரி. ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே கையில் சாவியைக் கொடுத்து, காரை நீயே ஓட்டிக்கொள் என்கிறார்கள். கல்லூரி வழங்கும் நூற்றுக்கணக்கான பாடங்களில் எவை மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல்லும், எவை செல்லாது, எது எதற்கு முன்னால் வரவேண்டும், எது வசந்தத்தில் மட்டும் நடக்கும் என்பதையெல்லாம் மாணவரே பார்க்க வேண்டும். ஆலோசகர்கள் உண்டு. அரை மணி நேரம் தருவார்கள். அடுத்த முறை போனால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

2023 இலையுதிர் பருவத்தில் சேர்ந்த அவரிடம், கணிதத் தேவையை முடித்துவிடலாம் என்று சொல்லி, ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தோடு புள்ளியியலை எடுக்கச் சொன்னார் ஓர் ஆலோசகர். கணிதப் பட்டதாரிக்குப் புள்ளியியல் ஒரு பாடமா? 'ஏ' வாங்கினார். அடுத்த பிப்ரவரியில்தான் தெரிந்தது, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான பட்டம் கேட்பது 'தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணிதம்' என்ற வேறொரு பாடத்தை என்று. அந்தக் கல்லூரியில் மாலை வகுப்பாக அது வசந்தத்தில் மட்டுமே நடக்கும். அந்த வசந்தத்துக்கு இடம் நிரம்பிவிட்டது. போன பணம் 184 டாலர். போன காலம் ஓர் ஆண்டு.

அதன்பிறகு அவர் செய்ததுதான் உருப்படியான காரியம். பாடப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தார். சொந்த வகுப்பறை வேண்டும், அதற்குச் சான்றிதழ், சான்றிதழுக்கு வகுப்பறையில் 600 மணி நேரப் பயிற்சி, அதற்கு முன் பட்டம், பட்டத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை ஏற்கிறது. கடைசிக் கேள்விக்கு 'அசிஸ்ட்' என்ற அரசுத் தளத்தில் கல்லூரிவாரியாகப் பதில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஆலோசகர் முன்னால் போய் உட்காருவது வரைபடம் இல்லாமல் கொத்தனாரிடம் வீடு கட்டச் சொல்வது போலத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆசிரியராகத் தனியே எழுத வேண்டியிருந்த அடிப்படைத் திறன் தேர்வு, பட்டம் பெற்றவர்களுக்குத் தேவையில்லை என்று 2024-இல் ஆனது. வாசிப்பு கற்பிப்பதற்கான எழுத்துத் தேர்வு 2025 நடுவில் விடைபெற்று, வகுப்பறையில் செய்துகாட்டும் மதிப்பீடு வந்தது. பல்கலைக்கழகம் மாறுவதற்கான பொதுப் பாடப் பட்டியலே 2025 இலையுதிரில் புதிதானது. ஆனால் விட்டுவிடாமல் படித்து வருகிறவர், தாம் சேர்ந்த ஆண்டின் பட்டியலையே பின்பற்றலாம். நடுவில் விட்டால் அந்த உரிமைக்கு ஆபத்து.

2024 செப்டம்பரில் திருச்சியில் அப்பாவுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை. அந்தப் பருவத்தை விட்டுவிடலாம் என்றார் கணவர். அவர் விடவில்லை. இணையவழியில் நடந்த உலகப் புவியியல் பாடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து சகாராவின் தெற்கு விளிம்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். "யாருக்காகடி இவ்வளவு அவசரம்?" என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

காத்திருந்த கணிதப் பாடம் 2025 வசந்தத்தில் வந்தது. பிளஸ் டூவில் 200-க்கு 196 வாங்கியவர்; பொழுதுபோக்காகப் போய் உட்கார்ந்தார். முதல் வாரக் கேள்வி: ஒன்றே முக்காலை அரையால் வகு. அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை. ஐந்து வினாடி வேலை. "விடை எல்லோருக்கும் தெரியும். இந்த வகுத்தல் தேவைப்படும் ஒரு கதை சொல்லுங்கள்" என்றார் பேராசிரியை. அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. சொன்ன முதல் கதை, ஒன்றே முக்கால் ரொட்டியை இரண்டு பேருக்குப் பகிர்வது. அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல.

அந்தக் கேள்வி பிரபலமானதுதான். லிபிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கேட்டது இதையே. சீனர்கள் அத்தனை பேரும் விடையைச் சரியாகக் கண்டார்கள். பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் சரியான விடை வரை போனவர்களே பாதிக்கும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீன ஆசிரியர்களில் பலர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். பட்டத்தின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்கு வந்து பால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு யோசித்தார். ஒன்றே முக்கால் லிட்டர் பால். அரை லிட்டர் கிண்ணங்கள். மூன்று நிரம்பியது. மிச்சம் கால் லிட்டர். ஏழாம் வகுப்பில் இருந்த மகள் எட்டிப் பார்த்து, "அப்போ மூணே கால்தானேம்மா?" என்றாள். மிச்சம் இருப்பது கால் லிட்டர். ஆனால் அது கிண்ணத்தில் பாதி. எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது மாறிவிட்டது. இருபது வருடமாகச் சரியாகப் போட்டு வந்த கணக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

அடுத்த பருவத்தில் கல்வி அறிமுகப் பாடம். பொதுப் பள்ளி ஒன்றில் 45 மணி நேரம் வகுப்பைக் கவனிக்க வேண்டும். முன்னதாகக் கைரேகை, காசநோய்ப் பரிசோதனை. மதிய வேலையை விடாமல், வாரம் இரண்டு காலை, எட்டேகாலிலிருந்து பத்தரை வரை, பத்து வாரம் என்று கணக்குப் போட்டு மூன்றாம் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் கொடுத்த வேலை, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை வினாடி காத்திருக்கிறார் என்று எண்ணுவது. சாதாரணமாக ஆசிரியர்கள் ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமும் தரமும் கூடுகிறது என்று மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டு சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தபோதுதான் மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு உறைத்தது. நாலாவது வினாடியில், வாயே திறக்காத ஒரு பையன் கையைத் தூக்கினான்.

கணவர் இன்னமும் சொல்கிறார்: "உனக்கு இருக்கும் கணிதத்துக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போ. அங்கேதான் ஆள் பற்றாக்குறை." கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. எடுக்க வேண்டிய பாடங்கள் குறையும். 45 மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இவரும் சம்மதித்திருப்பார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் 2027 இலையுதிருக்கு நேரே பல்கலைக்கழகம், 2030-க்கு நேரே சான்றிதழ். அப்போது வயது 46. அந்த மாநில ஆசிரியர்களுக்கு ஐந்தாண்டு வேலை பார்த்தால் ஓய்வூதியத் தகுதி. 2013-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான ஓய்வு வயது 62. பதினாறு ஆண்டு, ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்று அக்காவிடம் சொன்னார். "எங்க ஊர்ல நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன். வந்து உன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்றார் அக்கா. தாளில் அடுத்த வரி நிலவியல்; சனிக்கிழமை காலை வகுப்பு, நான்கு யூனிட்.