குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி... வீடு தேடி நடக்கும் மருத்துவம்! - சிட்லிங்கி பள்ளத்தாக்கில் ஒரு நாள்

தர்மபுரி மாவட்டம் என்றாலே ஒகேனக்கல்லுக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். அதற்கு நேர் எதிர்த்திசையில், மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயர் சிட்லிங்கி. குளிக்க அருவி இல்லை, வியூ பாயின்ட் இல்லை, ரிசார்ட் போர்டுகள் கண்ணை மறைப்பதும் இல்லை. ஆனாலும் வெளிமாநிலங்களிலிருந்துகூட இளம் மருத்துவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியைப் பார்க்க. சரியாகச் சொன்னால், அந்த ஆஸ்பத்திரி ஊரோடு எப்படிப் பேசுகிறது என்பதைப் பார்க்க.

சென்னையிலிருந்து கோவை ரயில் பாதையில் மொரப்பூரில் இறங்க வேண்டும். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து அரூர். அரூரிலிருந்து தீர்த்தமலை, கோட்டப்பட்டி வழியாகப் பேருந்து. சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கான சாலை இல்லை. மரவள்ளி, மஞ்சள், கரும்பு என்று வயல்கள் மாறிக்கொண்டே வர, இரண்டு பக்கமும் மலை மெதுவாக நெருங்கி வருகிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் போனால் கண் நிறைந்துவிடும். வெயில் காலத்தில் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

பக்கத்து ஸீட்டில் கீரைக்கட்டுடன் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தா சொல்லுங்கம்மா" என்றேன். "யாருக்குக் கண்ணு உடம்பு சரியில்ல?" என்று என் நெற்றியில் கைவைக்காத குறையாகக் கேட்டார். சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார். பிறகு அவராகவே சொன்னார்: "எங்கம்மாவுக்கு எட்டு பொறந்து நாலுதான் தங்குச்சு. எனக்கு மூணு. மூணும் இருக்குது." பெருமையாகவும் சொல்லவில்லை, சோகமாகவும் சொல்லவில்லை. கீரை விலை சொல்வதுபோலச் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கின் 30 வருடக் கதை முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பான்மையினர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். பேச்சு தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த மலையாளிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் தம்பதி நிஜமாகவே கேரளக்காரர்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி. இருவரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர்கள்.

படிப்பு முடிந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான் அவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. நோயாளிகள் வெகுதூரம் பயணம் செய்து வருகிறார்கள். வருகிற நோயோ வயிற்றுப்போக்கு மாதிரி வீட்டிலேயே தடுத்திருக்கக்கூடியது. ஆனால் வந்து சேர்வதற்குள் கை மீறிவிடுகிறது. அப்படியானால் டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு இருவரும் ஒரு வருடம் இந்தியாவைச் சுற்றினார்கள். கடைசியில் 1993-ல் சிட்லிங்கியில் வந்து நின்றார்கள்.

அந்த 1993 எப்படிப்பட்ட காலம் என்று தெரிந்துகொள்வது நல்லது. இதே அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே இதே பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வெறியாட்டம் நடத்தியது 1992 ஜூனில். 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெளியிலிருந்து படித்தவர்கள் இருவர் வந்து, "உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்" என்று ஆரம்பித்தால் ஊர் உடனே தலையாட்டிவிடும் சூழல் அல்ல அது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஒரே அறை, நூறு சதுர அடி இருக்கும். ஒரு 100 வாட்ஸ் பல்பு, ஒரு பெஞ்ச். பிரசவமும் அந்த பெஞ்சில்தான், சின்ன அறுவை சிகிச்சையும் அதே பெஞ்சில்தான். மூன்று வருடங்கள் இப்படியே ஓடியிருக்கிறது. அதன் பிறகுதான் 10 படுக்கைகளோடு கட்டடம். இப்போது 35 படுக்கைகள், ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை, பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு, லேப், எக்ஸ்ரே எல்லாம் இருக்கின்றன. 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்பது அமைப்பின் பெயர். பேருந்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 'ஆஸ்பத்திரி' என்றால் போதும்.

கட்டடம் வளர்ந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. இங்கே விசேஷம், வார்டுக்கு வெளியே நடந்த வேலை.

முதலில் உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத மலைக்கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து, சாதாரண நோய்களைக் கண்டுபிடிக்கவும், பிரசவம் பார்க்கவும், ஆபரேஷன் தியேட்டரில் உதவவும் தயாராக்கினார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்தான். எழுதிக்கொடுத்ததை வாசிக்கிற நர்ஸுக்கும், "உங்க மாமியா என்ன சொல்லிச்சு, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்கிற நர்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளிகளின் முகத்திலேயே பார்க்கலாம்.

இரண்டாவது வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. ஒவ்வொரு கிராமமும் தன் ஊரிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வயதில் கொஞ்சம் மூத்தவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், ஊரில் சொன்னால் எடுபடுகிறவர்கள். யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், யார் வீட்டில் குழந்தை எடை ஏறவில்லை, யாருக்கு இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எப்படியும் தெரிந்திருக்கும், கிராமம் அல்லவா! தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதுதான் பயிற்சி.

என்னவெல்லாம் சொல்லித்தர வேண்டியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? பெரிய மருத்துவ ரகசியம் எதுவும் இல்லை. குழந்தை பிறந்த உடனே குளிப்பாட்டாதே, துடைத்துத் துணியில் சுற்றித் தாயின் மார்போடு வை. சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதே, அதுதான் முதல் மருந்து. தொப்புள்கொடிக்குச் சாம்பலும் வேண்டாம், சாணமும் வேண்டாம். புது பிளேடும் சுத்தமான நூலும் போதும். வயிற்றால் போகிறது என்று தண்ணீரை நிறுத்தாதே, இன்னும் அதிகமாகக் கொடு.

கடைசியாகச் சொன்னதில்தான் எத்தனை குழந்தைகள் போயிருக்கின்றன! 'குடிக்கக் குடிக்கத்தானே போகுது' என்று தண்ணீரை நிறுத்துவது நம் ஊர்களில் பாட்டி காலத்துப் பழக்கம். குழந்தையைக் கொல்வது பேதி அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பதால்தான் அந்தத் 'தலைதட்டிய'. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதோடு 14 நாள்களுக்கு ஜிங்க் மாத்திரையும் தருவார்கள். பேதி நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நிமோனியாவும் அப்படித்தான். ஸ்டெதாஸ்கோப் இல்லாத வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? அழாமல் அமைதியாக இருக்கிற குழந்தையின் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டாலோ, ஒரு வயதுவரை 50-ஐத் தொட்டாலோ, ஐந்து வயதுவரை 40-ஐத் தொட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து உயிரிழப்பைப் பாதிக்கும் மேல் குறைத்துக் காட்டியதை 1999-ல் 'லான்செட்' வெளியிட்டபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. அதே மாநிலத்தின் ஜாம்கேடில் ஆரோலே தம்பதி 1970-லேயே தொடங்கிய பாதை அது. சிட்லிங்கி அந்த வரிசையில் வருகிறது.

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். 'காலையில் வெறும் வயிற்றில் இதைக் குடித்தால்...' என்று ஒரு தலைப்பு போட்டால் எத்தனை பேர் க்ளிக் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வந்து விழுகிற மருத்துவக் குறிப்புகளையும் பார்க்கிறேன். தகவல் நமக்குக் குறைவாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போனவர், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து 'குழந்தை பால் குடிக்குதா?' என்று கேட்பதில்லை. இங்கே அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆஸ்பத்திரி இத்தனை மெனக்கெட்டிருக்கிறது.

விளைவு? இந்த வட்டாரத்தில் 1,000 குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போன காலம் ஒன்று இருந்தது. அது 20 அளவுக்கு இறங்கியிருக்கிறது. சாலையும், பேருந்தும், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸும், அரசின் தடுப்பூசித் திட்டமும் இதில் பங்காளிகள்தான், மறுக்க முடியாது. ஆனால் இவையெல்லாம் வருவதற்கு முன்பே இறக்கம் ஆரம்பித்துவிட்டது.

வயல்காட்டு ஊர் என்பதால் பாம்புக்கடியும் இங்கே அன்றாடக் கவலை. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியே இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல் என்று வரும்போதுதான் சந்தேகமே வரும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் வீண் வேலை. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் ஒரே வழி. மந்திரிக்கப் போகிற அரை மணி நேரம்தான் இதில் எமன்.

இன்னொரு திருப்பமும் நடந்தது. குழந்தைகள் பிழைத்தன, ஆனால் ஊட்டம் போதவில்லை. ஏன் என்று பார்த்தால் வயலில் போய் நின்றது. ராகி, சாமை, தினை விளைந்த நிலத்தில் பணப்பயிர் வந்திருந்தது; அதோடு உரக்கடன், பூச்சிமருந்துக் கடன், கூலி தேடி வெளியூர் போவது. டாக்டர்கள் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம். 'டாக்டருக்கு எதுக்குங்க விவசாயம்?' என்று கேட்கத் தோன்றும். மருந்துச்சீட்டில் 'சத்தான உணவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அது எங்கே விளையும் என்று யோசிக்காத மருத்துவத்தைத்தான் நாம் வழக்கமாகப் பார்க்கிறோம். எனக்கு இவர்கள் வழி சரியாகப் படுகிறது. பக்கத்துத் தாண்டாக்களில் வாழும் லம்பாடிப் பெண்கள் கிட்டத்தட்ட மறந்தேவிட்ட எம்பிராய்டரியை மீட்டெடுத்த 'போர்கை' அமைப்பும் இதே முயற்சியின் கிளைதான். போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமை. கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைத்த பையும் புடவையும் வாங்காமல் திரும்புவது கஷ்டம்!

இப்போதைய கவலைகள் வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி. பேதிக்குக் கரைசல் கொடுத்தால் ரெண்டு நாளில் குழந்தை எழுந்து ஓடும், சொன்னவர் மேல் நம்பிக்கை வந்துவிடும். பி.பி மாத்திரை அப்படியா? சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. வலிக்காத நோய்க்கு தினமும் மாத்திரை போடச் சொல்வதுதான் கிராமத்தில் மிகக் கடினமான பேச்சு. நகரத்திலும்தான். அரசும் 2021 ஆகஸ்ட்டில், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, பி.பி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. மாத்திரை வீட்டு வாசல்வரை வந்துவிடும். அங்கிருந்து வாய்க்குப் போக, தெரிந்த முகம் ஒன்று வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆஸ்பத்திரி சுற்றிப் பார்க்கிற இடமல்ல. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போங்கள், நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். போர்கைக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் தாராளமாகப் போகலாம். சிறுதானிய மாவும் மஞ்சள்தூளும் வாங்கலாம். பெரிய ஹோட்டல் எதிர்பார்க்க வேண்டாம். தங்குவதென்றால் அரூரில்தான். சாயங்காலம் மலை நிழல் பள்ளத்தாக்கில் சீக்கிரமே இறங்கிவிடும். அரூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.