சிகாகோ மேக்ஸ்வெல் தெரு: நாக்கு வாசித்த ப்ளூஸ்!

அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள மேக்ஸ்வெல் தெருவுக்கு இன்று போனால், பல்கலைக்கழகக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே நடக்கவே இடம் இருக்காது. பழைய துணி முதல் கார் உதிரி பாகம் வரை பேரம் பேசி வாங்கும் சந்தை அது. வதக்கிய வெங்காயத்தோடு அங்கே விற்ற போலிஷ் சாசேஜ், இப்போதும் இந்தத் தெருவின் பெயராலேயே சிகாகோவில் கிடைக்கிறது.

யூதக் குடியேறிகள் வளர்த்த சந்தை இது. பின்னாளில் மிசிசிப்பி, லூசியானா போன்ற தென் மாநிலங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த கறுப்பின மக்கள், ப்ளூஸ் இசையையும் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கடை, வீடுகளிலிருந்து ஒயர் இழுத்து, ஆம்ப்ளிஃபையர் வைத்துத் தெருவிலேயே வாசித்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் அப்படி வாசித்தவர்களில் ஒருவர், லூசியானாவில் பிறந்த லிட்டில் வால்டர். அவர் கையில் இருந்தது, நாம் மவுத் ஆர்கன் என்று சொல்லும் ஹார்மோனிகா.

உதடா, நாக்கா?

ப்ளூஸ் ஹார்மோனிகாவில் 10 துளைகள். புதிதாகக் கற்பவர்கள் பலரும் விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, ஒரே துளையில் ஊதுவார்கள். ஸ்வரம் சுத்தமாக வரும். ஆனால், அந்த ஒன்று மட்டும்தான் வரும். டிரம்ஸ் இல்லாத தெருவோர வாசிப்பில் தாளத்துக்கு எங்கே போவது?

அதற்குக் கைகொடுப்பதுதான் ‘டங் பிளாக்கிங்’. வாயை அகலமாக வைத்து நான்கு துளைகளை மூட வேண்டும். இடப்பக்கத்து மூன்றையும் நாக்கு அடைத்துக்கொள்ளும். வலது ஓரத் துளையில் மெட்டு ஒலிக்கும். நாக்கைச் சட்டென்று எடுத்தால் நான்கும் சேர்ந்து முழங்கும். எடுத்து எடுத்து வைக்க, அதுவே தாளமாகிவிடும். ‘சி’ ஹார்மோனிகாவில் முதல் நான்கு துளைகளில் காற்றை உள்ளே இழுத்தால் ‘ஜி’ கார்டு கிடைக்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் இதையே ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

உதட்டு முறைக்குப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் படுத்தும். எச்சில் ஊறும், ஓரத்தில் காற்று கசியும். நன்றாக வந்துகொண்டிருந்த ‘பெண்டிங்’, அதாவது ஸ்வரத்தை வளைப்பது, திடீரென்று வராது. வாசிக்கத் தெரிந்தவர் மறுபடியும் முதல் நாள் மாணவர் ஆகிவிடுவார். பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நாக்கை அழுத்தாமல் லேசாக வைத்து, தாடையைத் தளர்த்தி, தினமும் கொஞ்ச நேரம் மெதுவாகப் பழகினால் படிந்துவிடும். பழைய முறையையும் கைவிட வேண்டியதில்லை. லிட்டில் வால்டரே இரண்டையும் கலந்து வாசித்தவர்தான்.

1952-ல் அவர் பதிவு செய்த ‘ஜூக்’, பாட்டே இல்லாத ஹார்மோனிகா இசை. பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 8 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

1968-ல் வால்டர் காலமானார். 1994-ல் சந்தையும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. மேக்ஸ்வெல் தெருவில் சில பழைய கட்டடங்களின் முகப்புகள் மட்டும் மிச்சம். அங்கே நின்று பார்ப்பவருக்குச் சந்தையின் இரைச்சல் கேட்காது. ஆனால், ‘ஜூக்’கைக் கேட்டுவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் மவுத் ஆர்கனை எடுத்து, நாக்கை வைத்து ஊதிப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தெரு கொஞ்சமாவது பிடிபடும்.