கோடாலி மார்க்

கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தில் தலைவலி, சளி, பயணக் குமட்டல், கொசுக்கடி எல்லாவற்றுக்கும் கைக்கு வருவது கோடாலித் தைலம். சிங்கப்பூரில் 1928-ல் தொடங்கிய லியுங் காய் ஃபூக் என்ற சீனர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர் ஊரில் கிடையாது. படத்தைச் சொன்னாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் காணட்டும் என்றுதான் கோடாலியை முத்திரையாக வைத்தார்கள். தமிழ்நாட்டுக் கடைத்தெரு இப்படித்தான் பழகியது. சங்கு மார்க் கைலி, புலி மார்க் தைலம் என்று படமே பெயராகிவிடும்.

இந்தத் தைலம் ஊருக்குள் வருவது சபராளிகளின் பெட்டியில். அப்படி வெளிநாட்டில் பிழைக்கப் போனவர் ஊர் திரும்பிய மறுநாள் பெட்டி பிரிப்பார்கள். அட்டைப்பெட்டி முழுக்கப் பழுப்பு டேப், அதன்மேல் நைலான் கயிறு, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயர். கத்தி வைத்ததும் சோப்பு, பால் பவுடர், அத்தர், தைலம் எல்லாம் கலந்த ஒரு வாசனை கூடத்தை நிறைக்கும். சாமான் வெளியே வருவது அதற்குப் பிறகுதான். உடனே பங்கீடு. பெரியம்மாவுக்கு இரண்டு, மாமிக்கு ஒன்று, பள்ளிவாசல் மோதினாருக்கு ஒன்று. 56 மி.லி. பாட்டில் வீட்டுக்கு; 3 மி.லி. பாட்டில் டஜன் கணக்கில் தெருவுக்கு. எடை குறைவு, உடையாது, யாருக்குக் கொடுத்தாலும் மரியாதைக் குறைவில்லை. விமானத்தில் கிலோ கணக்குப் பார்க்கிற ஆளுக்கு இதைவிடத் தோதான அன்பளிப்பு வேறில்லை.

விமானத்துக்கு முன்பு கப்பல். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’ 1970-களின் தொடக்கம் வரை இந்தக் கடற்கரையின் சாமானைச் சுமந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டுச் சாமானின் மவுசுக்குப் பாதிக் காரணம் இந்திய அரசின் சட்டம். நுகர்பொருள் இறக்குமதிக்குத் தடை அல்லது உரிமம். உள்நாட்டு ஆலைகளுக்குப் போட்டியே இல்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே 1969-ல் அமைந்த பர்மா பஜார், அந்தத் தட்டுப்பாட்டிலேயே தழைத்தது. மீதமிருந்த தடைகளில் 714 பொருள்களுக்கானவை 2000 ஏப்ரல் 1-லும், 715 பொருள்களுக்கானவை 2001 ஏப்ரல் 1-லும் நீங்கின. ‘ஃபாரின் சாமான்’ என்ற சொல்லுக்கு இருந்த மினுக்கம் அதன்பின் மெல்லக் குறைந்தது. தைலத்தின் மேல் வைத்த பற்று மட்டும் குறையவில்லை. எனவே அதைத் தட்டுப்பாடு வளர்த்த மோகம் என்று தள்ளிவிட முடியாது.

உள்நாட்டில் மாற்று இல்லாமலும் இல்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கி 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சன், கோடாலியைவிட 35 ஆண்டு மூத்தது. அதன் லாபம் சுதந்திரப் போராட்டத்துக்கும் பத்திரிகைக்கும் போனது. சுதேசிச் சரக்கு என்ற பெயருக்கு அதைவிடத் தகுதியானது அரிது. இரண்டும் தரும் சுகம் ஏறத்தாழ ஒன்றுதான். இவ்வகைத் தைலங்களில் குளிர்ச்சியைத் தருவது மெந்தால். இயற்கை மெந்தாலை உலகில் மிக அதிகமாக விளைவிப்பது இந்தியா. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்துப் புதினா வயல்களே அதன் ஊற்று. கூடச் சேரும் யூகலிப்டஸ் எண்ணெய்க்குத் தமிழிலேயே நீலகிரித் தைலம் என்றுதான் பெயர். சிங்கப்பூர்ப் பாட்டிலுக்குள் எந்த நாட்டு இலை இருக்கிறது என்பதை முகர்ந்து சொல்ல யாராலும் ஆகாது.

கைலியின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. மலாய்க்காரர்கள் கட்டத்துக் கைலியை இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு, ஆங்கிலேயர் நாக்கில் புலிகாட் ஆன ஊர். அந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான துணி அங்கே ஊர்ப் பெயராலேயே நிலைத்துவிட்டது. அங்கே அது இந்தியச் சரக்கு. சபராளி அங்கிருந்து ஒன்றை வாங்கி மடித்துக் கொண்டுவந்தால் இங்கே அது மலேசியாக் கைலி.

சோப்பு விஷயத்தில் ‘ஃபாரின்’ என்று அடம்பிடித்தவர்களை மட்டும் அவ்வளவு எளிதாகக் கேலி செய்துவிடக் கூடாது. இந்தியத் தர நிர்ணயம் குளியல் சோப்பை அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவை வைத்துத் தரம் பிரிக்கிறது: முதல் தரத்துக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. அதற்கும் கீழே ‘பாத்திங் பார்’ என்று தனியாக ஒன்று. உறையின் பின்புறம் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று இருப்பது அந்தக் கொழுப்பின் அளவுதான். ஒரே பெயரில் ஒரே கம்பெனி வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு கலவையில் விற்பதும் உண்டு. தண்ணீர் பட்டதும் கூழாகும் கட்டியையும் கடைசித் துண்டுவரை கெட்டியாக நிற்கும் கட்டியையும் பெண்களின் கை அறிந்துதான் வைத்திருந்தது. ஒரு சோப்பு எங்கே செய்யப்பட்டது என்பதைவிட என்ன சேர்த்துச் செய்யப்பட்டது என்பதே அதன் தரத்தைச் சொல்லும். உறையைத் திருப்பிப் படிக்கிறவர்தான் குறைவு.

இப்போது கோடாலித் தைலம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. இறக்குமதியாளர் முகவரியும் ரூபாய் விலையும் போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். சிங்கப்பூரில் செய்தது என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் ஊரிலிருந்து போகும் பட்டியலில், “காக்கா, கோடாலி மறந்துடாதீங்க” என்பது கடைசியாகவாவது வந்துவிடும். கடையில் வாங்கிய பாட்டில் ஜன்னல் திண்டில் திறந்தபடி கிடக்கும், யாரும் எடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம். பெட்டியில் வந்தது பீரோவில், சேலைகளுக்கு அடியில்.