ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம்

நம் ஊர்ச் சிறுவர்கள் சடுகுடு ஆடத் தொடங்குமுன் ‘உத்தி பிரிப்பது’ வழக்கம். இரு தலைவர்கள் ஒருபுறம் நிற்பார்கள். மற்றவர்கள் தத்தம் வலிமைக்கு ஒத்த ஒருவனோடு இருவர் இருவராகத் தோள்மேல் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். “சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?” என்று தலைவர்களைக் கேட்பார்கள். தலைவன் எப்பெயரைச் சொல்கிறானோ அப்பெயருக்குரியவன் அவன் பக்கம் சேர, மற்றவன் எதிர்ப்பக்கம் போவான். சமமானவர்களே இணையாக வருவதால் எந்த அணியும் வலுவிழப்பதில்லை. ‘வேண்டாதவன்’ என்று எவனும் கடைசியில் தனித்து நிற்பதுமில்லை. யார் வகுத்த ஏற்பாடோ அறியோம். ஆயினும் அதில் எத்துணை நீதி அமைந்திருக்கிறது!

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. தேர்தலில் வேட்பாளரைப் பற்றிப் பேசுவதும், திண்ணையில் அமர்ந்து இந்திய அணிக்குப் பதினொருவரைப் பொறுக்குவதும் அந்த இன்பத்தின் வகைகளே. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரென்ட் என்னும் பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் இதையே ஒரு விளையாட்டாக்கினார்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடி உண்ட ‘ரொட்டிசெரி’ உணவகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பேஸ்பால் வீரர்களை ஏலம் எடுப்பதுபோல் எடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, மைதானத்தில் அவ்வீரர்கள் ஆடிய ஆட்டத்தைக் கொண்டு தம் அணிக்குப் புள்ளி கணக்கிட்டார்கள். பின்னர் இவ்வழக்கம் கல்லூரிக் கூடைப்பந்து உள்ளிட்ட பல ஆட்டங்களுக்கும் பரவியது. அவர்களும் பணம் வைத்தே ஆடினார்கள். ஆயினும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் அறிந்திருந்தார்கள். ஒரு வீரரை ஒருவர் எடுத்துவிட்டால் பிறர் அவரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இது கிரிக்கெட் உருவில், கைபேசி வழியாக வந்தது. 2008இல் தொடங்கப்பெற்ற ட்ரீம்11 நிறுவனமும் பின்னர் வந்த பிற நிறுவனங்களும் இதனைப் பரப்பின. ஓர் ஆட்டத்தில் இறங்கும் இருபத்திரண்டு பேரிலிருந்து பதினொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீரர் ஒவ்வொருவருக்கும் ‘கிரெடிட்’ என்னும் கற்பனை விலை உண்டு. நூறு கிரெடிட்டுக்குள் அணி அமைய வேண்டும். தலைவராகக் குறிக்கப்படுபவருக்கு இரு மடங்கு புள்ளி. துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு. இங்கே மேசையும் இல்லை, முறையும் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. ஒரே வீரரை இலட்சம் பேர் எடுக்கலாம். எதிரே ஆடுபவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு பேரிலிருந்து பதினொருவரை 7,05,432 விதமாகப் பொறுக்கலாம். தலைவரையும் துணைத் தலைவரையும் சேர்த்து எண்ணினால் அது 7 கோடியே 75 இலட்சத்து 97 ஆயிரத்து 520 ஆகும். விதிகள் அவற்றுள் ஒரு பகுதியை விலக்கினாலும், எஞ்சுவது பெருங்கடலே. அக்கடலில் ஓர் இளைஞன் சிறு தொகை கட்டி, முதற்பரிசை நோக்கி ஓர் ஓடத்தை விடுகிறான். எல்லாரும் கட்டிய பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மீதி பரிசாகிறது. ஆதலால் ஆடுவோர் அனைவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவர்கள் இழப்பது உறுதி.

இது சூதா, திறமையா என்பது நெடுநாளைய வழக்கு. கிண்டிக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில், திறமை மேலோங்கிய போட்டி சூதாட்டம் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கற்பனை அணி விளையாட்டும் திறமையின்பாற்பட்டதே என்று பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் 2017இல் கூறியது.

ஓசூரில் வாழும் நமக்கு இவ்வழக்கு வேறொரு விந்தையையும் காட்டியது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. எல்லைக்கு இப்பால் தமிழகம், அப்பால் கர்நாடகம். 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட சட்டம் செல்லாதென 2021 ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு திங்கள் கழித்து, அக்டோபர் 5ஆம் நாள், கர்நாடகத்தின் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ட்ரீம்11 அம்மாநிலத்தில் தன் போட்டிகளை நிறுத்தியது. 2022 பிப்ரவரி 14ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் அத்தடையையும் நீக்கியது. ஆக, முதலில் அப்பால் அனுமதி, இப்பால் தடை. சில திங்களுக்குள் அது அப்படியே தலைகீழ். எல்லைக் கோட்டின் இருபுறமும் மனிதன் ஒருவனே. அவன் கைபேசியும் ஒன்றே. சட்டம் மாறலாம், குடும்பத்தின் அரிசிப் பானை இருபுறமும் ஒரே அளவுதான்.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. 2022 தவக்காலத்தில் ஒரு தாய் திருப்பலிக்குப் பின் மன்றத்தின் ஓரத்தில் காத்து நின்றார். “சாமி, வளையல் இரண்டும் அடகுக் கடையில் இருக்கிறது. சின்னவளின் நர்சிங் கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணமும் இல்லை. பெரியவன் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்” என்றார். அந்த மகன் பாலிடெக்னிக் முடித்தவன். அத்திப்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. குடிப்பழக்கம் இல்லாதவன், பூசைக்குத் தவறாதவன். கர்நாடகத்தில் தடையிருந்த நாள்களில், வேலை முடிந்து வரும் பேருந்து எல்லையைக் கடந்ததுமே கைபேசியை எடுத்துவிடுவானாம்.

அவனை அழைத்துப் பேசினேன். முதலில் அவன் சொன்ன சொல் இது: “சாமி, நான் சூதாடவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு அறிவு வேண்டும். கோர்ட்டே சொல்லியிருக்கிறது.” அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆதலால் நான் அவனோடு வாதாடவில்லை. வங்கிக் கணக்கை எடுத்து வரச் சொல்லி, இருவரும் ஒரு நோட்டில் எழுதினோம். ஐம்பதும் நூறுமாகப் போன பணம் ஒருபுறம். எப்போதோ திரும்பி வந்தது மறுபுறம். நான்கு பக்கங்கள் நிறைந்தபோது அறுபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் அயல்நாடுகளில் நடந்தவை. அவன் பொறுக்கிய வீரர் பலரின் முகத்தையே அவன் பார்த்ததில்லை.

“தம்பி, உன்னை வென்றவன் யார்?” என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசாமலிருந்தான். “தெரியாது சாமி. ஏதோ ஒரு பெயர் வரும்” என்றான். பிறகு தானாகவே இன்னொன்றும் சொன்னான். “இந்தியா ஆடும்போதுகூட நம் ஆள் அவுட் ஆகவேண்டும் என்று நினைத்தேன். எதிரணிப் பந்துவீச்சாளரை நான் எடுத்திருந்தேன்.” வளையலைப் பற்றிப் பேசியபோது வராத கண்ணீர் இதைச் சொல்லும்போது வந்தது.

சூதில் கிட்டும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நம் திருச்சபையின் போதனையோ மிகவும் நிதானமானது. 1992இல் வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில், பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. ஒருவன் தன் தேவைக்கும் தன்னை நம்பியிருப்போரின் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது அவை ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை ஆகின்றன என்றும், அவற்றின்மேல் கொள்ளும் வேட்கை மனிதனை அடிமைப்படுத்தக்கூடும் என்றும் அது எச்சரிக்கிறது. கவனியுங்கள்: திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியோடு திருச்சபை நிற்கவில்லை. ‘எவருடைய உணவு பறிபோகிறது? நீ இன்னும் உன் விருப்பப்படி நிறுத்தக்கூடியவனா?’ என்றே அது வினவுகிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் போன பின் திறமையைப் பற்றிய தீர்ப்பு அந்த வீட்டுக்கு எவ்வகையிலும் உதவாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஏறக்குறைய இந்த முடிவுக்கே வந்தது. திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அவ்விளையாட்டை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழியுண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பணப்போட்டிகளை நிறுத்தின. இந்திய அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயரும் நீங்கியது. இது நல்லதே. ஆனால் சட்டம் கடையை மூடும். உள்ளத்தின் தாகத்தைத் தீர்க்காது. வேறு பெயரில், வேறு நாட்டிலிருந்து, இரகசியக் குழுக்கள் வழியாகத் தூண்டில் மீண்டும் வரக்கூடும்.

ஆகவே, தேர்ந்தெடுக்கும் இன்பத்தை இளைஞரிடமிருந்து பிடுங்குவதைவிட அதை மீண்டும் மேசைக்குக் கொண்டுவருவதே நம் கடமை என்பது என் எண்ணம். 2023 மார்ச்சில் ஒரு ஞாயிறு மாலை, ஐபிஎல் தொடங்குமுன், எங்கள் பங்கு இளைஞர் எண்மர் மன்றத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் அமர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு வீரர் வீதம், ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்கக்கூடாது. முதற்சுற்றில் முதல்வராக இருந்தவர் அடுத்த சுற்றில் கடைசி. கடைசியாக இருந்தவர் முதலில் எடுப்பார். பதினொரு சுற்றில் எண்பத்தெட்டுப் பெயர்கள். ஒரு காசும் கிடையாது. கடைசி இடம் பெறுபவர் ஒரு ஞாயிறு மன்றத்தைப் பெருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நான் அருகிலிருந்து பார்த்தேன். தான் குறித்து வைத்த வீரரைப் பக்கத்தில் இருப்பவன் எடுத்துவிட்டால் ‘ஐயோ’ என்று தலையில் கை வைப்பதும், உடனே சிரிப்பதும், வேறொருவரைத் தேடுவதும் எவ்வளவு நல்ல பயிற்சி! ஒருவன் ஐந்தாம் சுற்றிலேயே டி. நடராஜனை எடுத்தான். இவ்வளவு முன்னதாகவா என்று மற்றவர்கள் கேலி செய்தபோது, அவன் அவ்வீரரின் வரலாற்றையே சொன்னான்: சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர், தாய் சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, 2017 ஏலத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர், 2020இல் வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா சென்று, அந்தப் பயணத்திலேயே மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடியவர். 1965 வரை ஓசூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆதலால் அவனுக்கு அவர் சொந்த ஊர்க்காரர் போலவே. அதே ஆண்டு ஜூனில் அவ்வீரர் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தபோது இவர்கள் தாங்களே திறந்ததுபோல மகிழ்ந்தார்கள். செயலியில் அவர் ஒரு விலை. அந்த நோட்டில் அவர் ஒரு மனிதர்.

சாமுவேல் இறைவாக்கினர் ஈசாயின் வீட்டுக்குப் போனபோது ஏழு புதல்வர்கள் அவர்முன் வரிசையாக வந்தார்கள். தோற்றமும் உயரமும் உடையவர்களைக் கடந்து, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசி மகனை அழைத்துவரச் செய்தார் இறைவன். தேர்ந்தெடுத்தல் என்பது ஒருவரை உள்ளபடி பார்ப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வலைப்பயிற்சிக்கு மட்டும் அழைக்கப்பட்டவன் ஆட்டக்களத்தில் நிற்பதைக் காணும்போதும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தாவீதின் நினைவு வரட்டும்.

வளையல் வீட்டுப் பையனை அந்த நோட்டு விளையாட்டுக்கு யாரும் வற்புறுத்தவில்லை. “வேண்டாம் சாமி, பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே என் கை பரபரக்கும்” என்று அவனே ஒதுங்கினான். அது விவேகம். ஆனால் ஞாயிறு மாலைகளில் பள்ளி மைதானத்தில் பந்து வீச வருகிறான். மிகைநேர வேலை செய்து பதினான்கு மாதங்களில் வளையல்களை மீட்டான். தங்கையின் கட்டணத்தை உறவினர் கொடுத்து உதவினர். அக்கடனையும் தவணையாக அடைத்தான்.

பெற்றோரே, வங்கிக் கணக்கில் சிறு சிறு தொகையாகப் பணம் அடிக்கடி போகிறதா, எந்த நாட்டிலோ நடக்கும் ஆட்டத்துக்கு உங்கள் மகன் இரவில் விழித்திருக்கிறானா என்று பாருங்கள். கண்டால் கத்தாதீர்கள், கணக்கை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். தானாக நிறுத்த இயலாதவனுக்கு மருத்துவ உதவி தேவை. அதில் வெட்கம் ஏதுமில்லை. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது. உங்கள் பங்குத் தந்தையின் கதவும் திறந்தே இருக்கிறது.

அதற்கும் முன்பாக, ஆட்டம் நடக்கும் ஒரு மாலையில் மகனுக்கு அருகில் அமர்ந்து, “நீ யாரை எடுப்பாய்? ஏன்?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தை இறுதிவரை கேளுங்கள். தன்னைக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தவன், முகமறியாதவர்களோடு ஆட நள்ளிரவில் கைபேசியைத் தேடிப் போவது அரிது.