சித்தப்பாவின் பென்ஸும் பதினைந்து இஞ்ச் சக்கரமும்

195/65 R15. சித்தப்பாவின் பழைய பென்ஸ் டயரில் பொறித்திருக்கும் இந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவர் விருத்தாசலத்தில் ஒரு மெக்கானிக். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே எழுதிக் காட்டினார். "முதல் நம்பர் டயரோட அகலம் தம்பி, மில்லிமீட்டர்ல. அடுத்தது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தனை பங்கு உயரம்னு. கடைசி நம்பர் ரிம்மு, இஞ்ச்ல." 195-ல் நூற்றுக்கு 65 என்றால் ஏறக்குறைய 127 மில்லிமீட்டர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும் ரப்பரின் உயரம் அவ்வளவு.

வண்டி 1996 மாடல் E220. வெள்ளாற்றங்கரையில் கரும்பு போட்டுச் சேர்த்த பணத்தில் சித்தப்பா அதைச் சென்னையில் ஒரு குடும்பத்திடம் இரண்டாம் கையாக வாங்கினார். திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய அன்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர்தான். அது ஓரமாக வரும்போது நீண்டும் நடுவில் வரும்போது சுருங்கியும் கண்ணாடியின் 86 சதவீதத்தைத் துடைக்கும். மழையே இல்லாத அந்த மத்தியானத்தில் தண்ணீர் பீச்சியடித்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார் சித்தப்பா.

W124 என்பது அந்த உடலுக்குக் கம்பெனி வைத்த குறியீடு. புரூனோ சாக்கோ தலைமையில் வடிவமைத்து 1984 கடைசியில் ஜெர்மனியில் வெளிவந்தது. 1994-ல் டெல்கோவும் மெர்சிடிஸும் கூட்டுச் சேர்ந்து, அடுத்த வருடமே புனேயில் டெல்கோ ஆலையில் இதைப் பூட்டத் தொடங்கின. இந்தியாவில் கட்டிய முதல் பென்ஸ் கார் இதுதான். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். பள்ளத்தில் இறங்கினாலும் சக்கரம் தரையோடு படிந்தே நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பின்சீட்டில் உட்கார்ந்து பெண்ணாடம் வரை போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். கரும்பு டிராக்டரும் சுண்ணாம்புக்கல் லாரியும் உழுதுபோட்ட ரோட்டில், மடியில் தூங்கும் குழந்தை விழிக்காது.

அந்த வண்டிக்குத்தான் பெரிய சக்கரம் போட வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. சித்தப்பா மகனான தம்பியின் ஆசை அது. கல்யாண வீடுகளில் புது வண்டிகளெல்லாம் 17, 18 இஞ்ச் அலாயில் வந்து நிற்க, நம் பென்ஸ் மட்டும் சின்னக் காலில் நிற்கிறது என்று அவனுக்குக் குறை. ஆசையில் தப்பு இல்லை. சக்கர வளைவுக்குள் இடம் காலியாகத் தெரிவது உண்மைதான்.

கணக்குப் பார்த்தால் அதற்கும் வழி இருக்கிறது. அசல் சக்கரம் டயரோடு சேர்த்துக் குறுக்களவில் 634 மில்லிமீட்டர். 16 இஞ்ச் ரிம்மில் 205/55 போட்டால் 632 வரும். 17 இஞ்சில் 225/45 போட்டால் திரும்பவும் 634. ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் இளைக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பார்க்காமல், "215/60 R16 கையில இருக்கு, மாட்டிடலாம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது 664 மில்லிமீட்டர். மீட்டரில் நூறு காட்டும்போது வண்டி நூற்றைந்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு அச்சு எடுப்பவர்களிடம் கேட்டால், அச்சைப் பொம்மையைவிடப் பெரிதாகத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். சக்கரமும் அப்படித்தான், ஓர் அளவைத் தொட்டால் மற்ற அளவெல்லாம் கூடவே நகரும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுத்த வெள்ளைக் களிமண் அந்தச் சூளைகளுக்கு வந்து ஃப்யூஸ் கட்டையாகவும் பொம்மையாகவும் மாறியதைப் பார்த்து வளர்ந்தவர் பாய். அவருடைய பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் சூளை.

ரிம் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். ஸ்கோடா லாராவின் அலாய் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது என்று தம்பி போனில் படம் காட்டினான். ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் வட்டம், இரண்டுக்கும் ஒன்றுதான். பாய் படத்தைப் பெரிதாக்கி நடு ஓட்டையைக் காட்டினார். பென்ஸுக்கு அது 66.6 மில்லிமீட்டர், லாராவுக்கு 57.1. "ஹப்புல உக்காராது. லேத்துல குடைஞ்சு குடுக்கிறேன்னு எவனாச்சும் சொல்லுவான். குடைஞ்ச ரிம்ல குடும்பத்தை ஏத்தாதீங்க." அதோடு ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் படியும் முகம் எவ்வளவு வெளிப்புறமாக இருக்கிறது என்ற அளவு. இந்த வண்டியின் அசல் ரிம்மில் 48, 49 மில்லிமீட்டர். அது ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு பேரிங்கை வாங்கும். போல்ட் அளவும் பொருந்த வேண்டும். இதில் இருப்பது M12, பின்னாளில் வந்த பென்ஸ்களில் M14. பென்ஸ் ரிம்தானே என்று எதையும் தூக்கி மாட்டிவிட முடியாது.

அம்பாசடர் ஓட்டிய காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அதுவும் 15 இஞ்ச் ரிம்தான், உயரமான டயர், ஊரில் எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்றி மாட்டுவார்கள். எம்.ஆர்.எஃப். டயர் அப்போது திருவொற்றியூரிலிருந்து வரும். 1946-ல் அங்கே மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்து தொடங்கிய தொழில் அது. இன்று அதே கம்பெனிக்கு நமக்குப் பக்கத்திலேயே, பெரம்பலூரைத் தாண்டி நாரணமங்கலத்தில், ஆலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டயர் ஏற்றிய லாரிகளைப் பார்க்கிறேன். ஆலை அருகில் இருந்தும், பழைய வண்டிக்கு அளவான டயர் கேட்டால் கடைக்காரர் முதலில் நீட்டுவது வேறு ஏதாவது ஓர் அளவைத்தான்.

எங்கள் முடிவை மாற்றியது ஒரு டயர். சித்தப்பாவின் நண்பர் ஒருவர், இதே உடல், 17 இஞ்ச் ரிம்மும் 225/45 டயரும் போட்டிருந்தார். பெண்ணாடம் ரோட்டில் ராத்திரி ஒரு பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. மறுநாள் பாய் பட்டறையில் அதைக் கழற்றிப் போட்டிருந்தபோது நானும் இருந்தேன். பக்கவாட்டில் ஒரு கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெத்தென்று உள்ளே போனது. மேல் ரப்பர் கிழியவில்லை. உள்ளே இருந்த நூல்கள் அறுந்து, காற்றை அந்த மெல்லிய தோல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. ரிம்மின் விளிம்பும் வளைந்திருந்தது. அந்த டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது 101 மில்லிமீட்டர்தான். குறைந்துபோன 26 மில்லிமீட்டர் இருந்திருந்தால் பள்ளத்தின் அடியை ரப்பரே மடங்கி வாங்கியிருக்கும்.

கையில் அந்தப் புடைப்பைத் தொட்ட பிறகு எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் வடிவமைத்தவர்கள் அந்த 127 மில்லிமீட்டர் ரப்பரையும் சேர்த்தேதான் கணக்குப் போட்டார்கள். ஐந்து கைகளுக்கும் முன்னால் ரோட்டைச் சந்திப்பது டயரின் பக்கவாட்டுத்தான். அதை இளைக்க வைத்துவிட்டுப் பென்ஸின் சொகுசு போய்விட்டது என்று மெக்கானிக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கம்பெனி என்ன செய்தது என்று பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. இதே W124-ஐக் கொஞ்சம் விறைப்பாக, வேகத்துக்கென்று 'ஸ்போர்ட்லைன்' பெயரில் விற்றபோதுகூட ரிம் 15 இஞ்ச்தான். டயர் மட்டும் 205/60. எட்டு சிலிண்டர் 500E-க்குத்தான் 16 இஞ்சும் 225/55 டயரும் கொடுத்தார்கள். அந்த வண்டிக்கு போர்ஷேவைக் கூட வைத்துக்கொண்டு மட்கார்டையே அகலமாக்கினார்கள். சக்கரம் மாறினால் உடலையும் மாற்ற வேண்டியிருந்தது அவர்களுக்கு.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வரும்.

தம்பி மனசு தாங்கவில்லை. பாய் அவனை உட்கார வைத்துச் சொன்னார்: "பெருசுதான் வேணும்னா 16-ஓட நில்லுங்க. இதுக்கு அடுத்து வந்த E கிளாஸோட ரிம்மு, 215/55 டயரு. நடு ஓட்டையும் அதே 66.6, போல்டும் இதேதான்." குறுக்களவு 643, மீட்டர் ஒன்றரை சதவீதம்கூடப் பிசகாது. சென்னையிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஓடும் வண்டியாக இருந்தால் நானும் அதற்கு ஒத்துக்கொண்டிருப்பேன். நம் வண்டி ஓடுவது தொழுதூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே. சித்தப்பா அசல் ரிம்களையே நிமிர்த்திப் பெயின்ட் அடித்து, நான்கு புது 195/65 டயரும் ஸ்டெப்னிக்கு ஒன்றும் போட்டு, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்தார். அலாய்க்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிம் பார்க்கப் போவதற்கு முன்னால், இப்போது ஓடும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 3214 என்றால் 2014-ன் 32-வது வாரம். வீட்டில் நிற்கும் நேரமே அதிகமான வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அந்தப் பத்து வருடம் கடந்திருந்தால், அலாய்க்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அசல் அளவில் ஐந்து டயர் வாங்கிவிடுங்கள்.