கிலோ கணக்கில் போன முகங்கள்

2024 அக்டோபரில் வந்த செய்தி. எவரெஸ்டின் வடபுறத்தில், ரோங்பக் பனியாற்றில் ஒரு பழைய பூட்ஸ் கிடைத்தது. உள்ளே ஒரு பாதம். காலுறையில் தைத்திருந்த துணித்துண்டில் ஏ. சி. இர்வின் என்று பெயர். 1924 ஜூன் 8-ஆம் தேதி ஜார்ஜ் மேலோரியோடு சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவர் இர்வின். இருவரும் திரும்பவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்களிடம் இருந்த சின்னக் கேமரா. 1999-இல் மேலோரியின் உடல் கிடைத்தபோதும் அது இல்லை, இப்போதும் இல்லை.

செய்தியை எனக்கு அனுப்பிய நாகர்கோவில் நண்பர் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "அது நம்ம நெய்யூர் டாக்டருக்க கேமரா, தெரியும்லா?"

எனக்குத் தெரியாது. ஹோவர்ட் சோமர்வெல் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து தென்கோடிவரை ஊர் சுற்ற வந்தவர், நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வேலையை உதறி இங்கேயே வந்து சேர்ந்த அறுவை மருத்துவர். 1924-இல் மறுபடி மலைக்குப் போனார். ஏறக்குறைய 28,000 அடியில் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நார்ட்டன் தனியாக மேலே போவதை அங்கிருந்தே படம் எடுத்தார். அதன்பிறகு முகாமில் தன் கோடக் வெஸ்ட் பாக்கெட் கேமராவை மேலோரிக்கு இரவல் கொடுத்தார். மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கும் கேமரா. 127 ரோல், படம் 4 × 6.5 செ.மீ. இரவல் போனது போனதுதான். டாக்டர் நெய்யூருக்குத் திரும்பி, பல்லாண்டு காலம் குடலும் இரைப்பையும் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை ராத்திரி வாங்க. பிலிமுக்குப் பைத்தியம் பிடிச்ச நாலஞ்சு பேரு கூடுவோம். கேமராவைப் பத்தி விடிய விடியப் பேசலாம்" என்றார் நண்பர்.

வடசேரிப் பக்கம் ஒரு மாடியறை. கீழே மூடிக்கிடக்கும் கடை. மேலே ஒரு மேசை, ஒரு குளியலறை, ரசவடையும் கட்டஞ்சாயாவும். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், மகேந்திரகிரி இஸ்ரோவுக்குப் பேருந்தில் போய்வரும் ஒருவர், குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த நர்ஸ், ஒரு இஞ்சினியரிங் மாணவன், என் நண்பர். நர்ஸின் கையில் அவருடைய அப்பாவின் யாஷிகா. மாணவனிடம் ரஷ்யாவின் ஜெனிட். அதைத் தூக்கிப் பார்த்தேன், தேங்காய் உடைக்கலாம்.

பேச்சு முழுக்க விலையைப் பற்றித்தான். 36 படம் எடுக்கும் ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கழுவ, ஸ்கேன் எடுக்க, கூரியருக்கு என்று தனித்தனிக் காசு. அதனால் இவர்கள் கறுப்பு-வெள்ளைதான். 100 அடி பிலிம் டப்பாவைக் கூட்டாக வாங்கி, இருட்டில் வெட்டிப் பழைய உருளைகளில் சுற்றிக்கொள்கிறார்கள். பதினெட்டு ரோல் தேறும். காலாவதியான எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பெரிய கேமராவில் போடுவதும் உண்டு. அது சிவப்பு வெளிச்சத்துக்கு மசியாது என்பதால் விளக்கைப் போட்டுக்கொண்டே கையாளலாம்.

மாணவன் காபியில் பிலிம் கழுவிய கதையைச் சொன்னான். விளையாட்டல்ல. 1995-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஒருவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி. இன்ஸ்டன்ட் காபித்தூளும் சலவைச் சோடாவும் சேர்ந்தால் டெவலப்பர். கொஞ்சம் வைட்டமின் சி சேர்த்தால் வேகம் கூடும். படம் வரும், அறை நாறும். அடுத்து ஸ்கேனர், லென்ஸ், சாப்ட்வேர் என்று பேச்சு ஓடியபோது நான் ரசவடைக்குத் திரும்பிவிட்டேன்.

பதினொரு மணி வாக்கில் படியேறி வந்தார் அண்ணாச்சி. எழுபது தாண்டியவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் துவர்த்து. வந்ததும் யாரிடமும் எதுவும் கேட்காமல் குளியலறைக்குள் போய் வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இந்தச் சூட்டுல கழுவினா ஜெலட்டின் ஊறிப்போவும் மக்ளே. ஐஸ் எங்க?"

ஐஸ் வந்தது. பிலிம் கழுவுவதற்கான பாடம் 20 டிகிரி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் எந்த மாதத்தில் 20 டிகிரியில் வந்திருக்கிறது? அவர் காலத்தில் மண்பானைத் தண்ணீர், ராத்திரி வேலை, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் படிகாரம். படிகாரம் போட்டால் ஜெலட்டின் இறுகும், நகம் பட்டாலும் கீறாது. டெவலப்பருக்குக் கடையில் வாங்கிய பொட்டலமே கிடையாது. அவரே நிறுத்துக் கலக்குவார். மெட்டோல் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2, தண்ணீர் ஒரு லிட்டர். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். 1927-இல் கோடக் வெளியிட்ட டி-76 அது. சல்பைட்டில் ஒரு சிட்டிகையை முதலில் கரைத்துவிட்டு மெட்டோலைப் போடவேண்டும், மொத்த சல்பைட்டும் விழுந்துவிட்டால் மெட்டோல் கரையாது. அந்த மெட்டோல் அவர் விரலிடுக்குகளைத் தின்றிருந்தது. நகங்கள் இன்னும் பழுப்பு.

கோட்டாறுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், பதின்மூன்று வயதில், பிரிண்டுகளைத் தண்ணீரில் அலசும் பையனாகச் சேர்ந்தவர். பிறகு டார்க் ரூம். கடைசியில் டச்சப். அந்த டச்சப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சாய்வான ஒரு மரப்பெட்டி. நடுவில் கண்ணாடிச் சன்னல், கீழே வெளிச்சத்தை மேலே தள்ளும் முகம்பார்க்கும் கண்ணாடி. சன்னலில் நெகட்டிவ். மருந்து பூசிய பக்கத்தில் டர்பன்டைனில் குங்கிலியம் கரைத்த ஒரு திரவத்தைத் துளி தொட்டுத் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனையை உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஒரு அங்குலத்துக்கு ஊசியாக்கவேண்டும். கண்ணுக்குக் கீழுள்ள கருப்பு, அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த வெளிறலைக் காற்புள்ளி காற்புள்ளியாகப் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் மறைந்துவிடும். கூடிப்போனதைக் கத்தியால் சுரண்டவேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினால் ஆளுக்கு மூக்கு மாறிவிடும். ஒரு நெகட்டிவுக்கு இவ்வளவு என்று கூலி.

"என்ன வேலை அதிகமா வரும் அண்ணாச்சி?"

"பெண்ணு வீட்டுக்காரம்மாரு வருவாவ. 'கொஞ்சம் வெளுப்பா வரட்டும்'ன்னுவாவ. முகம் பூரா பென்சில் ஓட்டணும். கண்ணு போவும்."

இதைக் கலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கறுப்பான பெண்ணைக் கறுப்பாகக் காட்டப் பயந்த ஊருக்கு அவருடைய கண்ணொளி செலவாகியிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன இன்னொரு வேலை வேறு மாதிரி. வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் இறந்துபோகிறவர்கள். வீட்டில் மாட்டப் படம் வேண்டும். பெட்டியோடு குடும்பம் நிற்கும் சாவுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, மூடிய கண்ணைத் திறந்து வரையவேண்டும். மகனை எதிரில் உட்காரவைத்து அவன் கண்ணைப் பார்த்து அம்மையின் கண்ணை வரைவாராம். "அம்மைக்க கண்ணு மகனுக்குக் காணும், கேட்டியளா. இல்லேன்னா மகளுக்கு."

எழுபதுகளில் வளைகுடாவுக்கு ஆள் போக ஆரம்பித்ததும் பாஸ்போர்ட் படத்துக்கு வரிசை. ஸ்டூடியோக்காரர்கள் மாடிவீடு கட்டினார்கள். பின்னால் கலர் வந்தது. கலர் நெகட்டிவில் பென்சிலுக்கு வேலையில்லை. பெரிய ஊர்களில் மெஷின் லேப்கள் வந்து, ரோலைப் போட்டால் படமாகத் துப்பின. நாகர்கோவில் ஸ்டூடியோ ரோலைச் சேகரித்து அனுப்பும் கவுண்டராக ஆனது. டார்க் ரூமில் பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்தார்கள். அண்ணாச்சி ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனார்.

ஊட்டியிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், தூசியில்லாத குளிர்காற்றை நம்பி மலைமேல் கட்டிய அரசு ஆலை. "இந்து" என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் எக்ஸ்ரேயும் நாடெங்கும் போயின. 1996-இல் நலிந்த நிறுவனம் என்று முத்திரை குத்தப்பட்டது. இன்று அந்த நர்ஸ் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு ரோலும் கடல் தாண்டி வந்தது. ஆலையை நடத்தியவர்களுக்கு டிஜிட்டல் மீது பழிபோட உரிமையில்லை. ஆலை மூச்சுத்திணறியபோது நம் ஊரில் டிஜிட்டல் கேமராவையே யாரும் பார்த்திருக்கவில்லை.

பிறகு அண்ணாச்சி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் நாம் பார்க்கும் உருவம் வெள்ளி. மை அல்ல, சாயம் அல்ல, உண்மையான வெள்ளித் துகள். படமாக மாறாத வெள்ளி ஹைப்போவில் கரைந்துவிடும். இது படம் எடுக்க வந்தவர்களுக்குத் தெரியாது, வியாபாரிக்குத் தெரியும். மாதம் ஒருமுறை ஒருவர் கேனோடு வந்து பழைய ஹைப்போவை வாங்கிப்போவார். "கரண்டு விட்டு வெள்ளிய எடுப்பானுவ." அந்தக் காசு முதலாளிக்கு. டார்க் ரூம் பையனுக்கு டீக்காசு.

ஹைப்போ போனால் போகட்டும். முதலாளி இறந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டடத்தை இடிக்க நாள் குறித்தாயிற்று. பின்னறையில் மரப்பெட்டிகளில் எண் போட்டு அடுக்கிய நெகட்டிவ்கள், நாற்பது ஆண்டுக்கால கோட்டாறும் வடசேரியும் சுசீந்திரமும். எந்த எண் யாருடையது என்று எழுதிய பேரேடுகள். வெளியூரிலிருந்து ஒருவர் தராசோடு வந்தார். நெகட்டிவ் கிலோ கணக்கு. பேரேடு பழைய பேப்பர் கணக்கு. கல்யாணமும் சாவும், பள்ளிக்கூடக் குரூப் போட்டோவும், குவைத்துக்குப் போகுமுன் எடுத்த மீசை அரும்பாத முகங்களும் சாக்கில் கட்டப்பட்டுப் போய், கொதிக்கிற காரத்தில் கழன்று, அடியில் கறுப்பு மண்டியாகத் தங்கி, உருகி எங்கோ கொலுசாக ஆகியிருக்கும்.

"நீங்க கொஞ்சமாவது எடுத்து வச்சிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றான் மாணவன்.

"எனக்க வீடு ஒத்த அறை மக்ளே. எங்க வைக்க?"

இடைத்தரகர் என்றால் நெல்லிலும் மீனிலும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். இங்கே அவர் மூன்று முறை வந்திருக்கிறார். ஹைப்போவுக்கு ஒருமுறை, நெகட்டிவுக்கு ஒருமுறை. இப்போது மூன்றாவதாக, மூடிய ஸ்டூடியோக்களின் கேமராவையும் என்லார்ஜரையும் இரும்பு விலைக்கு அள்ளி, துடைத்து, "விண்டேஜ்" என்று எழுதி, அந்த மாணவனைப் போன்ற பையன்களிடம் பல மடங்குக்கு விற்க. மூன்று முறையும் டச்சப் பெட்டியின் முன் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவருக்கு ஒன்றும் வரவில்லை. ஓய்வூதியம் இல்லை, படத்தின் பின்னால் பெயர்கூட இல்லை. முத்திரை ஸ்டூடியோவினுடையது.

திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரர் சக்கரியாஸ் டிக்ரூஸ் 1900-ஐ ஒட்டித் தயாரித்த ஆல்பம் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், கர்சன் பிரபுவின் தொகுப்பில் பத்திரமாக இருக்கிறது. அரசருக்காக எடுத்த படம் தப்பித்துக்கொள்கிறது. வடசேரிச் சந்தையில் காய் விற்றவள் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் கிலோவுக்குப் போகிறது. சோமர்வெல்லின் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சுருளைத் தேடி பல ஆண்டுகளாக ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பனியில் உறைந்திருந்தால் அதை இன்றும் கழுவ முடியும் என்பது நிபுணர்களின் நம்பிக்கை. நெய்யூரின் சுற்றுவட்டாரத்தில், யாரும் ஏறவேண்டாத பரண்களில், எத்தனையோ சுருள்கள் கிடக்கின்றன. அவற்றுக்குப் பனியில்லை. நமக்கு வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ஈரத்தில் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும், அசிடேட் பிலிம் சுருண்டு வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் பக்கத்திலுள்ள பெட்டியும் கெடும்.

ஆகவே குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள். பரண் வேண்டாம், வெயில் படாத காற்றோட்டமான அலமாரி போதும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வெள்ளைத் திரையை ஒளிரவிட்ட ஒரு போனின் மேல் வைத்து, மற்றொரு போனில் படம் எடுத்து நிறத்தைத் திருப்பினால் யார் என்று தெரிந்துவிடும். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே பெயரைக் கேட்டு உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். உங்கள் தெருவில் ஒரு ஸ்டூடியோ மூடப்போகிறது என்று கேள்விப்பட்டால், தராசுக்காரர் வருமுன் நீங்கள் போங்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெட்டிகளோடு அந்தப் பேரேட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்; பெயர்கள் அதில்தான் இருக்கின்றன.